காப்புக் கட்டிய சாட்சி

மூன்றாவது முடிச்சு விழுந்தபோதுதான் துரைக்கண்ணுவுக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்தது.

அதுவரை அவர் கண்ணை மூடி, வலது கையை நீட்டி, தாழம்பட்டு திரௌபதியம்மன் கோயில் கொடிமரத்தடியில் மஞ்சள் வேட்டியோடு நின்றிருந்தார். பூசாரி கண்ணையன் மஞ்சள் கிழங்கு கோத்த நூலை அவர் மணிக்கட்டில் சுற்றி முதல் முடிச்சைப் போட்டபோது சனங்கள் ‘கோவிந்தா’ போட்டார்கள். இரண்டாவது முடிச்சுக்கு அவர் உச்சந்தலையில் ஒரு துளி விழுந்தது. அம்மனே மழையாக இறங்கிவிட்டாள் என்று மெய்சிலிர்த்தார். வேப்பமரத்துக் காக்கையின் வேலை அது என்பது பிற்பாடு தெரிந்தது. மூன்றாவது முடிச்சு இறுகும்போது, யாரோ பிடரியைப் பிடித்து உலுக்கியதுபோல, புதன்கிழமை, காலை பத்தரை மணி, திண்டிவனம் கோர்ட், சாட்சி துரைக்கண்ணு, வயது அறுபத்தெட்டு என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

கண்ணைத் திறந்தார். எதிரே சந்தனத் தட்டோடு அப்பாதுரை சிரித்துக்கொண்டிருந்தார். கோயில் தர்மகர்த்தா. துரைக்கண்ணுவின் தங்கை புருஷன். அந்தச் சிரிப்பை துரைக்கண்ணு ஏற்கெனவே ஒருமுறை மாட்டுச் சந்தையில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அப்பாதுரை பேச்சைக் கேட்டு ஓட்டிவந்த பசு கடைசிவரை ஒரு சொட்டுப் பால் கறக்கவில்லை. அது காளை என்று சொல்பவர்களும் ஊரில் இருந்தார்கள்.

“காப்புக் கட்டியாச்சி,” என்றார் அப்பாதுரை, தெருக்கோடிக்குக் கேட்கும்படி. “தீ மிதிச்சி காப்பு அவுக்கற வரிக்கும் கரகக்காரரு எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. அவர யாரும் தொடக் கூடாது. எல்லாரும் பாத்துக்கோங்கப்பா.” பிறகு மச்சான் நெற்றியில் சந்தனம் வைக்கிற சாக்கில் குனிந்து, காதுக்கு மட்டும்: “பத்தே நாளு, மச்சான். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும்.”

துரைக்கண்ணு கண்ணை மூடித் திறந்துபார்த்தார். எதுவும் போயிருக்கவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது வருஷமாக அந்தப் பூங்கரகத்தை அவர் ஆசைப்பட்டிருக்கிறார். தீமிதியன்றைக்கு மல்லிகையும் கதம்பமும் கோபுரம்போலச் சுற்றிய கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கைபிடிக்காமல், முதல் ஆளாக நெருப்பில் இறங்குகிறவனை அந்த ஒரு நாள் ஊரே சாமியாகப் பார்க்கும். எப்போதும் அது அப்பாதுரை வகையறாவுக்குத்தான் போகும். துரைக்கண்ணு பாதித் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நின்று, போகிறவர்கள் காலில் ஊற்றிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர் வீட்டுக்குத் தர்மகர்த்தாவே நடந்து வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, “இந்த வருஷம் கரகம் நீதான் எடுக்கற, மச்சான்” என்றால் எந்த மனுசன் காலண்டரைப் பார்ப்பான்? வழக்கமாக ஆடியில் நடக்கும் திருவிழா ஏன் ஆனிக்கே வந்தது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஆடியில் கூத்துக்காரர்கள் கிடைக்கவில்லையாம். அப்பாதுரை சொன்னார். இவர் தலையாட்டினார். வீட்டில் வீரம்மாள் மட்டும் மோர்ச் சொம்பைக் கழுவிக்கொண்டே, “உன் மாப்ள மோரு குடிச்சிட்டு நல்லாருக்குதுன்னு சொன்னாரு. எனக்கு அப்பவே சந்தேகந்தான்” என்றாள்.

வழக்கு மூன்று வருஷத்துக்கு முந்தியது. ஐப்பசி மழையில் காலனி சனங்கள் கல்லறைக்குப் போகும் ஓடைப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அந்த வாரத்தில் சவுரியம்மாள் இறந்துபோனாள். மகன் மாசிலாமணி, கொத்தனார் வேலை பார்க்கிறவன், வேறு வழியில்லாமல் அம்மாவின் சவப்பெட்டியை ஊர்த்தெரு வழியாக எடுத்துவந்தான். கோயில் எதிரே கயிறு கட்டி மறித்தார்கள். பெட்டி தெருவில் விழுந்தது, மாசிலாமணியின் வலது கை முறிந்தது. முறிந்த கை கோணலாகச் சேர்ந்துகொண்டதில் அவனால் இன்றைக்கும் பூச்சுக் கரணை பிடிக்க முடியாது, கலவைச் சட்டிதான் தூக்குகிறான். போலீசில் வன்கொடுமைச் சட்டத்தில் எழுதச் சொன்னபோது, நீங்கள் கிறிஸ்தவர்கள், அந்தச் சட்டம் உங்களுக்கு வராது என்று சொல்லி சாதாரண அடிதடி வழக்காக எழுதிவிட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கியதில் சட்டத்துக்கு அவன் புது ஆளாகிவிட்டான். ஊருக்கு மட்டும் அதே பழைய ஆள். உருட்டுக்கட்டையை ஓங்கியவன் ராஜ்குமார். அப்பாதுரையின் மகன், துரைக்கண்ணுவின் தங்கச்சி பிள்ளை, சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து இதே தீமிதியைப் பார்த்தவன்.

பார்த்தவர்கள் முந்நூறு பேர் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் முந்நூறு பேரும் மழைக்காகக் குடைக்குள் குனிந்திருந்ததாகப் போலீசில் சொன்னார்கள். குடை இல்லாமல் நின்றவர் துரைக்கண்ணு ஒருவர்தான்.

அவர் ஏன் சாட்சிக்கு ஒப்புக்கொண்டார் என்பதற்கு ஊரில் பல கதைகள் உண்டு. திண்டிவனத்தில் சமய நல்லிணக்கப் பேரவை என்று ஒன்று இருந்தது. ஏழு பேர். எழுவரும் திருநீறோ திருமண்ணோ இல்லாமல் வாசல்படி இறங்காத ஆட்கள். ‘எங்கள் சாமி யார் பிணத்தையும் தெருவில் நிறுத்தச் சொல்லவில்லை’ என்று நோட்டீஸ் அடித்துச் சந்தையில் கொடுப்பார்கள். மசூதிச் சுவரில் எவனாவது எதையாவது எழுதினால் சுண்ணாம்பு வாளியோடு போய் நிற்பார்கள். துரைக்கண்ணு அங்கே சேர்ந்தது உரம் வாங்கப் போன இடத்தில் மழைக்கு ஒதுங்கியதால். உள்ளே போண்டா கொடுத்தார்கள். வெளியே மழை விடவில்லை. இரண்டாவது போண்டாவுக்குள் அவர் துணைத்தலைவர் ஆகிவிட்டார். இது அவரே சொன்னது. அதனால் பாதிதான் நம்பலாம்.

அவர் சொல்வதில் பாதியை நம்புவதே ஊரில் பெரிய மரியாதை. ஒரு வருஷம் அவர் கொல்லையில் விளைந்த மல்லாட்டையில், அதுதான் வேர்க்கடலையில், ஒரு காய் வண்டிப்பாரம் இருந்தது, அதன் ஓட்டில் ஏறித்தான் வெள்ளத்தில் ஓடையைக் கடந்தேன் என்பார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. “துடுப்பு?” என்று கேட்டால், “பருப்பையே ரெண்டாப் பொளந்துக்கினேன்” என்பார். களையெடுக்க வரும் பெண்களுக்குத்தான் அந்தக் கதைகளெல்லாம் உண்டானவை. அவர்களில் சவுரியம்மாள் முதல் ரசிகை. கதை முடியுமுன்னே சிரித்துவிடுவாள். முப்பது வருஷம் அவர் கொல்லையில் களை வெட்டினாள். சாட்சிக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. ஆனால் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. உண்மை என்பதால் சொல்ல வாய் வரவில்லை.

அப்படிக் களைமேட்டில் பிறந்ததுதான் எட்டியப்பன் கதையும். வெள்ளைக்காரன் காலத்தில் எட்டியப்பன் என்று ஒருவர், துரைக்கண்ணுவுக்குக் கொள்ளுத்தாத்தா முறை, கையில் காப்போடு புதுச்சேரிச் சாராயத்துக்கு ஆசைப்பட்டு எல்லைக்கல்லைத் தாண்டினார். ஆள் தாண்டிவிட்டார். நிழல் தாண்டவில்லை. கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. புதுச்சேரி வாசலில் பிரெஞ்சுப் போலீஸ்காரன், “நிழல் எங்கே?” என்று கேட்டு உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தால், நிழல் தானாக வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேப்பைக்களி தின்றுகொண்டிருந்தது. பெண்டாட்டி சொன்னாளாம்: “இது குடிக்கறதும் இல்ல, எதுத்துப் பேசறதும் இல்ல. நீ போயிடு.” எட்டியப்பன் சாகும்வரை மாட்டுக்கொட்டகையில் படுத்தார்.

பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சவுரியம்மாள் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, களைவெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: “ஏம் நாய்னா, ஆளு கல்லைத் தாண்டினாத்தான வம்பு? கல்லையே தூக்கிக்கினு போயிருந்தா?” அன்றைக்கு முழுக்கத் துரைக்கண்ணு அவளிடம் பேசவில்லை.

கதை அவரை விட்டுப் போய் நாற்பது வருஷம் ஆகிறது. இப்போது கண்ணையன் ஒவ்வொரு காப்புக்கட்டுக்கும் உடுக்கை அடித்து அதைத் தலபுராணமாகச் சொல்கிறார். கேட்டு அழுகிறவர்கள்கூட உண்டு. எல்லைக்கல் பாதாளத்தில் ஏழு ஆள் ஆழம் இறங்கியிருக்கிறது என்று துரைக்கண்ணு போகிறபோக்கில் சொன்னது இப்போது பத்து ஆள் ஆகிவிட்டது. கோயில் மண்டபச் சுவரில் நிழல் இல்லாத எட்டியப்பன் படமே எழுதியாகிவிட்டது. அடியில் கொட்டை எழுத்தில்: உபயம், துரைக்கண்ணு.

காப்புக் கட்டியவர் வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தப் படத்துக்கு எதிரேதான் அவருக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை, வழக்கறிஞர் மலர்விழிக்குப் போன் போட்டார். திண்டிவனத்தில் மாசிலாமணிக்காகக் காசு வாங்காமல் இந்த வழக்கைக் கவனித்துக்கொண்டிருந்தவள் அவள்.

“புதன்கிழமைய மட்டும் தள்ளிப்போட முடியுமாம்மா?”

“ரெண்டு தடவ தள்ளியாச்சுங்கய்யா. பெட்டி தூக்கி வந்த மத்த மூணு சாட்சியும் பிறழ்ந்துட்டாங்க. இந்தத் தடவ நீங்க வரலன்னா சாட்சி விசாரணைய முடிச்சிடுவேன்னு நீதிபதி சொல்லிட்டாங்க. முடிச்சா அவ்ளோதான். கேஸ் இல்ல. ஏன், என்ன ஆச்சு?”

சொன்னார்.

“ஐயா, அது ஒரு நூலு.”

“நூலுதாம்மா. மூணு முடிச்சு போட்ட நூலு. இதே மாதிரி மூணு முடிச்ச நம்பித்தான் நாப்பத்தஞ்சி வருஷமா எங்க வீட்ல எனக்குச் சோறாக்கிப் போட்டுக்கினு இருக்கறாங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை. நூலை அறுப்பது ஒரு நிமிஷ வேலை. கோயில் வாசலிலேயே அரிவாள்மணை கிடந்தது. ஆனால் அறுத்தால் கொடி இறக்க வேண்டும், திருவிழா நின்றுபோகும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். அதைவிட, அப்பாதுரைக்கு வேண்டியதே அதுதான். பார்த்தீர்களா, இவனுக்குச் சாமியும் இல்லை பூதமும் இல்லை, கிறிஸ்தவ வேதக்காரன் காசுக்கு அம்மனை விற்றுவிட்டான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மூன்று வருஷமாகத் திருநீறு பூசிய ஏழு பேர் சந்தை சந்தையாக நின்று, நாங்களும் இதே சாமி கும்பிடுகிறவர்கள்தான், அதனால்தான் கேட்கிறோம் என்று சொன்னதெல்லாம் பொய் என்றாகிவிடும். அறுக்காவிட்டாலோ மாசிலாமணியின் கை முறியவே இல்லை என்றாகிவிடும். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. அவர் அம்மனிடம் கையை நீட்டியது நிஜம். அந்த நேரத்தில் அவருக்குச் சிலிர்த்ததும் நிஜம். காக்கை வேறு விஷயம்.

ஊர் அவருக்குக் காவல் வைக்கவில்லை. மரியாதை வைத்தது. எங்கே எழுந்தாலும் இரண்டு பேர் குடைபிடித்துக்கொண்டு, ஒரு முழம் தள்ளி, மேலே படாமல் கூடவே வந்தார்கள். ஓடைக்கரைக்கு ஒதுங்கப் போனாலும் குடை வந்தது. “டேய், இதுக்குமாடா?” என்றால், “தர்மகர்த்தா சொல்லிக்கிறாருங்க” என்று முதுகைக் காட்டி நின்றார்கள். வழியில் பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். நாற்பது வருஷம் ஏங்கியது எல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குடமும் கழுத்தில் கட்டிய கல்லாக இருந்தது.

படுத்த இடத்தில் சாட்சியை ஒத்திகை பார்த்தார். “பாத்தத மட்டும் சொல்லுங்கய்யா, ஒரு சொல்லுகூடச் சேக்காதீங்க” என்று மலர்விழி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எதிர்க்கட்சி வக்கீல் மல்லாட்டை ஓட்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார் என்றும் சொல்லியிருந்தாள். துரைக்கண்ணுவுக்கு அதுதான் பெரிய கஷ்டம். ஒன்றை அதன் அளவிலேயே சொல்லிப் பழக்கமில்லை. தட்டித் தட்டிப் பார்த்ததில் மொத்தமே நாலு வாக்கியம் தேறியது. பெட்டி தெருவில் வந்தது. கயிறு கட்டி மறித்தார்கள். பெட்டியைக் கீழே வைக்கமாட்டேன் என்று மாசிலாமணி சொன்னான். ராஜ்குமார் அவன் கையில் அடித்தான். சட்டையில்லாத பிள்ளைபோல நின்றன அந்த நாலும். ஐந்தாவதாக ஒன்று இருந்தது: நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தேவையில்லை என்று மலர்விழி சொல்லிவிட்டாள். ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் அது கூப்பிடாமலே கடைசியில் வந்து நின்றது. எதிர்ச்சுவரில் நிழல் இல்லாத எட்டியப்பன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பாதுரை வந்தார். குடைக்காரர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தூணோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துண்டால் விசிறிக்கொண்டார்.

“கோவமா, மச்சான்?”

“சாமிக்கு ஏது கோவம் மாப்ள. நீதான என்னைச் சாமியாக்கி வச்சிக்கிற.”

“ராஜ்குமாருக்குக் கண்டக்டர் வேலைக்கு ஆர்டரு வந்துக்கிது. கேஸு நிலுவைல இருந்தா எடுக்க மாட்டாங்களாம்.” அப்பாதுரையின் குரல் தர்மகர்த்தா குரலாக இல்லை. “உன் தங்கச்சி மூணு நாளா சோறு திங்கல. நான் வேற இன்னா பண்ணுவேன்? சொல்லு. உன்னை அடிக்க முடியுமா? கட்டிப்போட முடியுமா? கைல ஒரு நூலுதான கட்டினேன்.”

துரைக்கண்ணு மணிக்கட்டு நூலைத் திருகினார்.

“அப்பிடியே நீ போயி சொல்றன்னே வச்சிக்க. எவன் நம்புவான்? பருப்பைப் பொளந்து துடுப்பு போட்டவன் நீ. கோர்ட்டே சிரிக்கும். சிரிக்கறதுக்காவ எம் புள்ள வாழ்க்கையக் கெடுக்கணுமா?” எழுந்து, சுவர்ப் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “நீ சொன்னதுதான் மச்சான் இது. ஊரே நம்புது. நீ மட்டும் நம்பலன்னா எப்பிடி?”

அவர் போனபிறகு துரைக்கண்ணு மண்டபத்தைவிட்டு இறங்கித் தன் நிழலைப் பார்த்தார். உச்சிவெயில். காலடியில் ஒரு சாணிவறட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. தான் கட்டிய பொய்க்குத் தானே பயப்படுகிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காலை இழுத்துப் பார்த்தார். கூடவே வந்தது. இருந்தாலும் எல்லைக்கல்வரை போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை விடிந்தது. கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தார். வீரம்மாள் ஒருபொழுதுச் சோறு கொண்டுவந்திருந்தாள். தூக்குவாளியை வைத்துவிட்டு, வழக்கமாகப் போவதுபோல் போகாமல் நின்றாள்.

“இன்னா முடிவு பண்ணிக்கினு இருக்கற?”

“பண்றதுக்கு இன்னா இருக்குது. அறுத்தா சாமிக்குத் துரோகம். அறுக்கலன்னா சவுரியம்மாளுக்குத் துரோகம்.”

“அவ இருந்திருந்தா எதுனா ஒரு வழி கேட்டு வச்சிருப்பா. நீ சொல்ற கதைக்கெல்லாம் அவதான குறுக்குக் கேள்வி கேக்கறவ.” சோற்றுக் கையை முந்தானையில் துடைத்தாள். “நான் இன்னாத்தக் கண்டேன். சோறாக்கிப் போடறவ.”

துரைக்கண்ணு அவளையே பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வெயில் முகத்தில் அடித்ததுபோல இருந்தது. களைவெட்டியை ஊன்றிக்கொண்டு ஒருத்தி கேட்கிறாள்.

“வீரம்மா.”

“இன்னா?”

“நம்ம கடப்பாரை எங்க கீது?”

வீரம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. வாழ்நாளிலேயே முதல்முறையாக. வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

ஈர மஞ்சள் வேட்டியோடு, தோளில் கடப்பாரையோடு கரகக்காரர் தெருவில் நடந்தபோது அம்மன் அருள் வந்து போகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இரண்டு குடைகளும் பின்னால் ஓடிவந்தன. மேளக்காரர் ஒருத்தர் சந்தேகத்தோடு இரண்டு தட்டு தட்டிவைத்தார். ஊரின் கிழக்கே, தார்ச்சாலை ஓடைப் பாலத்தில் ஏறும் இடத்தில் எல்லைக்கல் இருந்தது. முழங்கால் உயரம். திருவிழாவுக்காக மஞ்சள் குங்குமம் பூசி மாலை போட்டிருந்தார்கள். பாலத்துக்கு அந்தப்பக்கம் புளியமரத்தடியில் கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் போகும் மினி பஸ் வந்து திரும்பும். மாசிலாமணி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, அக்குளில் கேஸ் கட்டு. இவர் வருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை என்பது நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

துரைக்கண்ணு கல்லுக்கு இந்தப்பக்கம் நின்று தொட்டுக் கும்பிட்டார். மாலையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கடப்பாரையை ஓங்கிக் கல்லடியில் இறக்கினார்.

அதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. அப்பாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “மச்சான்! இன்னா பண்ற நீ?”

“தாண்டக் கூடாதுன்ன. தாண்டல மாப்ள. எல்லைய எடுத்துக்கினு போறேன். நான் எங்க போறனோ அதுவரிக்கும் நம்ம ஊருதான்.”

கண்ணையன் வாயைத் திறந்தார், மூடினார். தலபுராணத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று அவர் யோசிப்பது முகத்தில் ஓடியது. “கல்லுல கை வைக்கக் கூடாதுப்பா,” என்றார் கடைசியில்.

“யாரு கை வைக்கக் கூடாது? கரகக்காரன் கைல அம்மா இருக்கறாளா இல்லியா? இல்லன்னா சொல்லு, காப்ப அவுத்துப்புட்டுப் போறேன்.”

கண்ணையன் ஓர் எட்டு பின்வாங்கினார். கூட்டத்தில் எவனோ, “புடிங்கப்பா அவர!” என்றான். நீயே போய்ப் பிடி என்று இன்னொருவன் சொன்னான். காப்புக் கட்டியவரைத் தொட்டவன் கை என்னாகும் என்பதற்கும் துரைக்கண்ணுவே இருபது வருஷத்துக்கு முன் ஒரு கதை சொல்லிவைத்திருந்தார். ராஜ்குமார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தான். அப்பாதுரை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “வாணாம்டா. இன்னொரு கேஸு ஆயிடும். வாணாம்.” ராஜ்குமார் நின்ற இடத்திலிருந்தே, “மாமா” என்றான். தோளில் உட்கார்ந்திருந்த காலத்தில் கூப்பிட்ட அதே குரல். துரைக்கண்ணுவின் கடப்பாரை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

பத்து ஆள் ஆழம் என்று நம்பப்பட்ட கல், ஒரு முழங்கூட இல்லை. ஆறாவது குத்துக்கே ஆடத் தொடங்கிவிட்டது, விழப்போகும் பல்போல. எல்லோருக்கும் அது வெட்கமாக இருந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோலச் சிலர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். துரைக்கண்ணு கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அரைமூட்டை மல்லாட்டைக் கனம். இடுப்புவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அறுபத்தெட்டு வயசு முட்டியில் நின்று சிரித்தது.

அப்போது பாலத்தின் அந்தப்பக்கத்திலிருந்து மாசிலாமணி வந்தான். கேஸ் கட்டை வேட்டியில் செருகிக்கொண்டு, நல்ல கையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, கோணல் கையை மேலே அணைவாக வைத்தான். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. வார்த்தையாக இல்லை. அவன் யாரையும் பார்க்கவில்லை. தன்னை ‘சாமி’ என்று கூப்பிடாதே என்று துரைக்கண்ணு அவனிடம் சொன்னதிலிருந்து, பெரியப்பா என்று கூப்பிட அவனுக்கு வாய் வராமல், இருவருக்கும் பொருந்தாத ஒரு ‘சார்’ இடையில் வந்து உட்கார்ந்திருந்தது.

“தலைல வச்சிரட்டுமா சார்?”

“வையி. கரகம் எடுக்கறவந்தான நானு.”

துண்டைச் சும்மாடாகச் சுற்றி, அதன்மேல் கல் ஏறியது. கழுத்து ஒரு விரற்கடை உள்ளே இறங்கியதாகத் துரைக்கண்ணுவுக்குத் தோன்றியது. பூங்கரகத்துக்காக நாற்பது வருஷம் வைத்திருந்த தலை. மஞ்சளும் மண்ணும் கரைந்து நெற்றியில் வழிந்தன. பின்னால் கண்ணையன் யாரிடமோ, இப்போ நாம் நிற்பது ஊருக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நடந்துகொண்டிருந்தார்.

பாலம் முப்பது எட்டு. எதிரே சூரியன் நேராகக் கண்ணில் குத்தியது. மினி பஸ் வந்து திரும்பி, வால்பக்கத்தைக் காட்டி உறுமிக்கொண்டு நின்றது. பெட்டி தெருவில் வந்தது, என்று மனசுக்குள் சொன்னார். கயிறு கட்டி மறித்தார்கள். மூன்றாவது வந்தது. நாலாவது வந்தது. ஐந்தாவது, இந்தமுறை கடைசியில் நிற்காமல், முன்னால் வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. கோர்ட் படியில் இதை இறக்கிவைக்க முடியாது, கூண்டுக்குள்ளும் ஏறித்தான் ஆகவேண்டும், திரும்பியும் சுமந்துதான் வரவேண்டும் என்பது பத்தாவது எட்டில் அவருக்குப் புரிந்தது. ஊரைவிட்டு வெளியே வந்தாயிற்று. ஊர் தலையில் இருந்தது.

பதினைந்தாவது எட்டில் நின்றார்.

“மாசிலாமணி.”

“சார்?”

“சிரிக்காத. பின்னாடி பாத்து சொல்லு. என் நெழலு வர்தா?”

அவரால் திரும்ப முடியாது. கல் இருக்கிறவரை தலையை அசைக்க முடியாது. சூரியன் எதிரே இருந்தான். நிழல் என்று ஒன்று இருந்தால் அது முதுகுக்குப் பின்னால், பாலத்தின்மேல், கல்லைப் பிடுங்கிய குழியையும் அதைச் சுற்றி நின்ற சனங்களின் காலையும் நோக்கி நீண்டு கிடக்க வேண்டும்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. நின்று, முழுசாகத் திரும்பி, கோணல் கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு பார்த்தான். மஞ்சள் தண்ணீர் துரைக்கண்ணுவின் மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. துடைக்கக் கை இல்லை. மினி பஸ் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது.

அவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தான்.